சம்பந்தியோடு பேசாத பேச்சு

என் எழுத்து மேட்டில் ஏறும், பள்ளத்தில் இறங்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பேனா பிடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கோயில் மண்டபத்தில் பாலர் பள்ளி டீச்சர்தான் எங்களைப் போன்ற கிழடுகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். நான் தாளில் எழுதுவேன். பேத்தி அதைப் பார்த்து போனில் அடித்துப் போடுவாள். 'ழ' எழுதும்போது எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது. அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் இன்று எழுதப் போவது சந்தோஷமான விஷயம் இல்லை.

கவ்வாத்து வெட்டிய மலையின் வாசனை உங்களுக்குத் தெரியுமா? தேயிலைச் செடியை இடுப்புக்குக் கீழே வெட்டி இறக்குவதுதான் கவ்வாத்து. ஆம்பிளைகள் வேலை. வெட்டிய வாதிலிருந்து, அந்தக் கிளையிலிருந்து, பச்சையாக, கொஞ்சம் கசப்பாக ஒரு வாசனை எழும்பும். பனியும் சேர்ந்துவிட்டால்... சட்டையில், சோற்றில், தலையணையில் எல்லாம் அதுதான்.

அந்தக் காலத்தில் எங்கள் வாயிலும் தோட்டம்தான் இருந்தது. விடிந்தால் பெரட்டு, அங்கேதான் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுப்பார்கள். குடியிருந்தது லயம், ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள். அதில் எங்களுக்கென்று இருந்த ஒற்றை அறை காம்பரா. முகம் தெரியாத ஆளைச் சந்தித்தால், பெயர் கேட்பதற்கு முன்னால் "எந்தத் தோட்டம்?" என்றுதான் கேட்போம். பதில் வந்துவிட்டால் பாதி சொந்தம்.

வேலையிலிருந்து நின்ற பிறகு ஹாலிஎல டவுன் ஓரத்தில் ஒரு சின்ன வீட்டுக்கு வந்தோம். மகள் பதுளையில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்தாள். அங்கே ஒரு பையனைப் பிடித்துப்போய், அவன் வீட்டார் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. வருவதற்கு முதல் நாள் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, அவங்க டவுன் ஆளுங்க. லயம், காம்பரா, பெரட்டுன்னு ஒன்னும் பேசிறாதீங்க. ரூமுன்னு சொல்லுங்க. தோட்டம்ங்கிற பேச்சே வேணாம்."

"அப்ப என்னத்தத்தான் பேசுறது?"

"சும்மா சிரிச்சுக்கிட்டு இருங்க."

அடுப்படியிலிருந்து என் மனைவி, "ஒங்கப்பாரு வாயத் தொறந்தா கொழுந்துதான் கொட்டும். பிளாஸ்டர் ஒட்டி உக்கார வையி" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். ஆனால் மகளின் கண்ணில் பயம் இருந்தது. நல்ல பையன். என் நாக்கால் அது கெட்டுப்போகக் கூடாது என்று முடிவு செய்தேன்.

சம்பந்தி மெலிந்த மனிதர். முழுக்கை வெள்ளைச் சட்டை. பதுளையில் சில்லறைக் கடை வைத்திருப்பதாகச் சொன்னார்கள். தேத்தண்ணி வாங்கக் கை நீட்டியபோது பார்த்தேன்... இடது கை விரல்களில் குறுக்கும் நெடுக்குமாக வெட்டுத் தழும்பு. வாதைப் பிடித்துக்கொண்டு வெட்டுகிறவனுக்கு அந்த இடத்தில்தான் கத்தி படும். எனக்கும் இருக்கிறது.

கேள்வி தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. மகள் கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்க பக்கம் மழ எப்புடிங்க?" என்று கேட்டேன்.

"மழதாங்க" என்றார்.

கல்யாணம் நடந்தது. தீபாவளி வரும், பேத்தியின் காதுகுத்து வந்தது. எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். மழையைப் பற்றிப் பேசுவோம். அது முடிந்ததும் டிவியைப் பார்ப்போம். கேட்டுவிடலாமா என்று பல தடவை தோன்றியது. இத்தனை வருடம் மறைத்ததை இப்போது எடுத்தால் மகளுக்குத்தான் பொய்க்காரி என்ற பெயர் வரும் என்று பயந்தேன். கடைக்காரருக்கும் கத்தி படாதா என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போன ஐப்பசி மழையில் அவர் இறந்துவிட்டார்.

சாவு வீட்டுக்கு நமுனுகுல பக்கமிருந்து ஒரு கிழவர் பஸ் பிடித்து வந்திருந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, "ஒன்ன மாதிரி ஒருத்தனும் இன்னும் அந்த மலையில கத்தி போடலடா" என்று அழுதார்.

மெதுவாகச் சம்பந்தியம்மாவிடம் போய்க் கேட்டேன்.

"ஆமாண்ணே. கட வைக்கிறதுக்கு முந்தி தோட்டத்துல கவ்வாத்துதான். மகன்தான் சொன்னான், பொண்ணு வீட்டுக்காரங்க டவுன் ஆளுங்க, தோட்டத்துப் பேச்ச எடுக்காதீங்கன்னு. ஒங்க வீட்டுக்கு வந்துட்டுப் போற நேரமெல்லாம், 'அந்தாளு கையப் பாத்தியா புள்ள'ன்னு எங்கிட்ட கேப்பாரு."

அவரும் பார்த்திருக்கிறார்...

மகளிடம் சொன்னேன். திகைத்துப்போனாள். கல்யாணமான புதிதிலேயே அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் விஷயம் தெரிந்து, இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். "நீங்க ரெண்டு பேரும் இன்னமும் பேசாம இருக்கீங்கன்னு எங்களுக்கு எப்புடிப்பா தெரியும்?" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியவில்லை. அவர்களுக்கு அது முடிந்துபோன பகிடி.

இப்போது பேத்தி போட்டோ எடுக்கவென்றே தோட்டத்துக்குப் போகிறாள். பின்னால் லயம் தெரியும்படி நிற்கிறாள். படத்துக்குக் கீழே லயம் என்று அவளே எழுதுகிறாள். கேட்டால், "அதுதான் தாத்தா கெத்து" என்கிறாள். அவள் அம்மா என்னை விழுங்கச் சொன்ன சொல், அவள் வாயில் அழகாக இருக்கிறது. சந்தோஷம்தான். கொஞ்சம் முன்னாலேயே இந்தக் காலம் வந்திருக்கலாம்.

நேற்றுத் தாளில் கவ்வாத்து என்று எழுதிப் பார்த்தேன். புள்ளிகள் எல்லாம் சரியாக விழுந்தன. எழுதிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதைப் பேச எனக்கு ஒரே ஒரு ஆள்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

சம்பந்தி கத்தி போட்ட மலையைக் காட்டுவதாக அந்த நமுனுகுல கிழவர் சொல்லியிருக்கிறார். அடுத்த கிழமை பஸ் ஏறுகிறேன். அங்கே இன்னும் தேயிலை நிற்கிறதா, காடாகிப் போய்விட்டதா தெரியாது. கால் போகிற வரைக்கும் ஏறிப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.