மைக்கில் கேட்ட கேள்வி

பத்து வயதில் நான் கேட்ட ஒரு கேள்வியால் என் தாய்மாமா ஊரறியப் பொய் சொல்ல வேண்டி வந்தது.

கோட்டையூரில் எங்களுக்கு அடுத்த தெருவில் மாமா வீடு. பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே ஓடிவிடுவேன். ஏழு மணிக்கு அத்தையின் பக்தித் தொடர். எட்டு மணிக்கு மாமாவின் அரசியல் விவாதம். பெருமாள் திரையில் தோன்றினால் அத்தை கன்னத்தில் போட்டுக்கொள்வார். விவாதத்தில் யாராவது மழுப்பினால் மாமா டிவியைப் பார்த்தே அதட்டுவார்: “கேட்டதுக்குப் பதிலச் சொல்லுய்யா!” பெருமாளின் தலைக்குப் பின்னால் சுற்றும் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, இவ்வளவு கத்துகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது யார் என்று இருவரையும் நான் துளைத்துக்கொண்டிருப்பேன்.

மாமாவுக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. சனிக்கிழமைதோறும் அத்தையை அரியக்குடி கோயில் வாசலில் இறக்கிவிட்டு, எதிரே டீக்கடையில் பேப்பர் படிப்பார். அந்த வருஷம் வார்டு தேர்தலில் நின்றார். அரசியலில் இருக்கிறவன் எதையும் மறைக்கக் கூடாது என்பதுதான் அவர் பிரச்சாரம். ‘வெளிப்படைத்தன்மை’ என்ற சொல்லை நான் அவரிடம்தான் கற்றேன்.

உள்ளூர் கேபிள் சேனல் ஒரு கல்யாண மண்டபத்தில் வேட்பாளர்களை உட்காரவைத்து நேரலையாக விவாதம் நடத்தியது. அப்பா என்னையும் அழைத்துப்போனார். அத்தை வரவில்லை; வீட்டில் டிவியில் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். கொஞ்ச நாளாக உடம்புக்கு முடியாமல் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருந்தார். வெறும் வயிற்றுப்புண் என்று மாமா எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

கூட்டத்தில் ஒருவர் எழுந்து, “சாமி நம்பிக்கை இருக்கா, இல்லையா? ஓட்டுக்காக மழுப்பாமச் சொல்லுங்க” என்றார்.

“இல்லைங்க. அதனால நீங்க ஓட்டுப் போடலைன்னாலும் மறைக்க மாட்டேன்” என்றார் மாமா. கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

நான் கையைத் தூக்கினேன். மாமாவை மடக்கும் எண்ணம் சத்தியமாக எனக்கு இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். சின்னப் பிள்ளை என்று சிரித்தபடி மைக்கைக் கொடுத்தார்கள்.

“மாமா, போன வாரம் பக்கத்து வீட்டுக்காரவுகளோட நான் அரியக்குடி வந்திருந்தேன். நீங்க தனியா உள்ள வந்து கொடிமரத்துக்கிட்ட விழுந்து கும்பிட்டீகளே, அது ஏன்?”

மண்டபம் சிரித்தது. மாமா என்னைப் பார்க்கவில்லை, கேமராவைப் பார்த்தார்.

“அது நானில்ல ஆத்தா. நீ வேற யாரையோ பாத்திருக்க.”

எனக்கு அழுகையும் ஆத்திரமும் பொங்கின. கூட்டம் முடிந்ததும் நேராக அத்தையிடம் ஓடினேன். டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

“நான் பொய் சொல்லல அத்தை. மாமாதான் சொன்னாக.”

“தெரியும்த்தா” என்றவர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டார்: “கோயில்ல கும்பிட்டப்ப மாமா அழுதாகளா?”

“ஆமா. துண்டால மூஞ்சியத் தொடச்சுக்கிட்டாக.”

அத்தை முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டார். மதுரை டாக்டர் மாமாவிடம் மட்டும் சொல்லியிருந்தது வயிற்றுப்புண் அல்ல என்று, இரண்டு வருஷம் கழித்து அத்தை போய்ச்சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அத்தைக்கு அது தெரியாது என்றே மாமா கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தார்.

அன்று மாமா வாடிய முகத்தோடு வீடு வந்தார். அத்தை எங்கள் இருவருக்கும் தோசை வார்த்துப்போட்டார்.

“விவாதம் பாத்தியா?” மாமா தட்டைப் பார்த்தபடி கேட்டார்.

“எங்க பாத்தேன்? ஆரம்பத்துலயே கரண்டு போயிருச்சு. நல்லாப் பேசுனீகளா?”

மாமா நிமிர்ந்தார். “ஏதோ பேசுனேன்” என்று சொல்லிவிட்டு இன்னொரு தோசை கேட்டார். கரண்டு எங்கே போனது, நான் வந்தபோது ஃபேன் சுற்றிக்கொண்டிருந்ததே என்று சொல்ல வாயைத் திறந்தேன். அத்தை சட்டென்று ஒரு விள்ளல் தோசையை என் வாயில் திணித்தார். இந்த வீட்டில் எல்லோரும் ஏன் இப்படிப் பொய் சொல்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே மென்றேன்.