நாலாவது போத்தல்: றக்வானப் பக்கம் வெயிலில் ஒரு கோல்ஃப் ஆட்டம்

பங்குனி வெயிலில் றக்வானப் பக்கம் போய் கோல்ஃப் விளையாடலாமா என்று மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். நான் போய்வந்து பன்னிரண்டு நாளாகிறது, இன்னும் படபடப்பு அடங்கவில்லை. அன்றைக்கு ஒரு மனுஷருடைய உயிர் போகப் பார்த்தது. காரணம் வெயில் பாதி, நான் பாதி. நான் செய்ததை நீங்கள் செய்துவிடக் கூடாது என்றுதான் நேரம், செலவு எல்லாம் சேர்த்து எழுதுகிறேன்.

கொழும்பில் வேலை செய்கிற இடத்தில் ஒருவர் தன் பழைய மட்டைகளை மலிவாகக் கொடுத்ததில் பிடித்த பைத்தியம் இது. இரண்டு வருஷமாக விளையாடுகிறேன். றக்வானவுக்குப் பக்கத்தில் வெள்ளைக்கார துரைமார் காலத்துக் கிளப் ஒன்று இருக்கிறது, ஆறு குழி, காசு கட்டினால் யாரும் ஆடலாம் என்று கேள்விப்பட்டதும் கை துறுதுறுத்தது. பௌர்ணமிப் போயா லீவு நாளில் கிளம்பினேன்.

காலை 4.45க்குக் கொழும்பில் பஸ். இரத்தினபுரிக்கு நூறு கிலோமீற்றர், 7.50க்குப் போய்ச் சேர்ந்தேன். மட்டைப் பைக்கும் ஒரு சீட்டுக் காசு வாங்கிவிட்டார் கண்டக்டர். நானும் விடாமல் பையை ஜன்னலோரம் உட்காரவைத்தேன். அங்கிருந்து றக்வான பஸ், ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மணி நேரம், கடைசிப் பகுதி முழுக்க வளைவு. டவுனில் நாலு போத்தல் தண்ணீர் வாங்கினேன். கிளப்புக்கு ஆறு கிலோமீற்றர், ஆட்டோவுக்கு 900 ரூபாய். டிரைவர் ரஞ்சித் மட்டைகளையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்து, இந்த நேரத்தில் றப்பர் பால் வெட்டுகிறவர்களே வேலை முடித்து வீட்டுக்குப் போய்விடுவார்களே என்று சிங்களத்தில் சொன்னார். நான் சிரித்தேன். அவருடைய நம்பரை வாங்கி வைத்ததுதான் அன்று நான் செய்த ஒரே புத்தியான காரியம்.

ஆட்டக் கட்டணம் 2500, கெடிக்கு 1000. கெடி என்றால் மட்டைப் பையைச் சுமந்துகொண்டு கூடவே வருகிறவர். எனக்கு வந்தவர் மாரிமுத்து, அறுபதை ஒட்டிய ஆள், ஒல்லி, தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவர் சிங்களத்தில் பேசினார், நானும் சிங்களத்தில் பேசினேன். மூன்றாவது குழியில் பந்து தேயிலைக்குள் பாய்ந்ததும் என் வாயில் சுத்தமான லயத்துத் தமிழ், தோட்டத்து வரிசை வீடுகளின் தமிழ், வந்துவிட்டது. எழுத முடியாத தமிழ். அவர் வாயைப் பொத்திச் சிரித்தார். அதன் பிறகு நான் அவரை அண்ணே என்றேன். அவர் என்னைத் தொரசாணி என்றார். துரையின் மனைவியைத் தோட்டத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். சும்மா சொல்லக் கூடாது, கேட்கச் சுகமாக இருந்தது.

இடம் அழகுதான். மேலே தேயிலை, கீழே ஓடை, நடுவில் புல். ஆனால் ஒதுங்க ஒரு மர நிழல் கிடையாது. பதினொன்றரைக்கு போன் 34 டிகிரி காட்டியது, காற்று அசையவில்லை. ஒவ்வொரு குழியிலும் அண்ணன் போத்தலைத் திறந்து, இடக்கையால் வலது முழங்கையைத் தாங்கி நீட்டுவார். நான் குடிப்பேன். முதல் சுற்று முடிந்ததும், "வெயில் கூடிருச்சுங்க தொரசாணி" என்றார். என்னைப் பற்றித்தான் கவலைப்படுகிறார் என்று நினைத்து, எனக்குப் பழக்கம்தான் அண்ணே, இன்னொரு சுற்று போவோம் என்றேன்.

இரண்டாவது சுற்றில் இரண்டு தடவை கேட்டதை விட்டு வேறு மட்டையைக் கொடுத்தார். தூங்குறீங்களாண்ணே என்று நான் சிடுசிடுத்தேன். இதை எழுதவே கூசுகிறது. அவர் முகத்தில் ஒரு சொட்டு வியர்வை இல்லாததை அப்போது பார்த்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. ஐந்தாவது குழியில், 12.20 இருக்கும், பையோடு அப்படியே சாய்ந்தார்.

ஓடிப்போய்க் குனிந்தேன். தொட்டால் உடம்பு அடுப்பாகக் கொதித்தது. கண் செருகி, சம்பந்தமில்லாமல் ஏதோ உளறினார். நான் போட்ட கூச்சலில் மேலே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தி சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து விசிறினாள். மற்றவள் ஓடைத் தண்ணீரை மொண்டு வந்து மேலெல்லாம் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே, மாமாவுக்குக் குடிக்கத் தண்ணி குடுத்தீங்களா என்று கேட்டாள். தண்ணி அவர் தோளில்தானே இருந்தது, குடித்திருப்பாரே என்றேன். அவள் பையைத் திறந்தாள். மூன்று போத்தல் காலி, நாலாவது மூடி திறக்காமல் இருந்தது. காலியான மூன்றையும் குடித்தது நான். அவள் என்னைப் பார்த்தாள். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

போன் போட்ட பதினாலு நிமிஷத்தில் ரஞ்சித் ஆட்டோவோடு வந்தார். ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றி, ஈரத் துணி போட்டு, ஐஸ் வைத்தார்கள். இன்னும் அரை மணி நேரம் பிந்தியிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். நாலு மணிக்கு அவருக்குப் பேச்சுத் தெளிந்தது. ஏன் அண்ணே குடிக்கல, தண்ணி உங்க கையிலதானே இருந்துச்சு என்று கேட்டேன்.

"நீங்க குடிக்கச் சொல்லலியேங்க."

எனக்குத் தெரியாத வழக்கமா இது? கரவனெல்லயில் என் அம்மா றப்பர் மலையில் வேலை செய்தவர். மேற்பார்க்கிற கங்காணி தேத்தண்ணிக்குப் போகச் சொல்லும்வரை ஒருத்தரும் கத்தியைக் கீழே வைக்க மாட்டார்கள் என்று அம்மா சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். அதே நான் மூன்று போத்தல் குடித்தேன், ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். முந்தின நாளே றக்வான போய்த் தங்குங்கள், சாதாரண அறை 3500க்குக் கிடைக்கிறது. காலை ஆறரைக்கு ஆரம்பித்து ஒன்பதரைக்கு முடித்துவிடுங்கள், ஒரு சுற்று போதும். தொப்பி இரண்டு கொண்டுபோங்கள், ஒன்று கெடிக்கு. தண்ணீரும் அவருக்கென்று தனியாக வாங்கி, பைக்குள் போடாமல் கையில் கொடுத்து, குடிங்க என்று வாய் திறந்து சொல்லுங்கள். அவர் குடித்து முடிக்கும்வரை அடுத்த பந்தை அடிக்காதீர்கள். மட்டை மாறி வந்தால் கோபப்படாமல் முகத்தைப் பாருங்கள்.

அன்றிரவு நானும் றக்வானயில்தான் தங்கினேன். மறுநாள் காலை இரண்டு செவ்விளநீர் வாங்கிக்கொண்டு வார்டுக்குப் போனேன். அண்ணன் எழுந்து உட்கார்ந்திருந்தார். ஒன்றைக் கையில் கொடுத்துக் குடிங்க என்றேன். வாங்கினார், ஆனால் குடிக்காமல், நான் முதலில் குடிக்கட்டும் என்று என் கையிலிருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார். என் இளநீரைக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு, நான் தொரசாணியும் இல்லை ஒன்றும் இல்லை, கரவனெல்லத் தோட்டத்தில் லயத்தில் பிறந்தவள் அண்ணே என்றேன்.

"அது மூணாவது குழியிலயே தெரியுங்களே," என்றார் சாதாரணமாக.

தெரிந்துமா நேற்றெல்லாம் தொரசாணி, தொரசாணி என்று கூப்பிட்டீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க வேணாம்னு சொல்லலியேங்க," என்றார். அப்புறம்தான் குடித்தார்.