ஓடைக்கு மேலே தங்கச்சி

என் தங்கச்சியை மலைமேல் கட்டிக்கொடுத்தோம். குரங்கணிக்கு மேலே ஜீப்பு போய் நிற்கிற இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் ஏறினால் அவளுடைய ஏலத்தோட்டம். என் தென்னந்தோப்பு அதே மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. அவள் தோட்டத்துக்குள் ஓடுகிற ஓடைதான் இறங்கி வந்து, என் தோப்பை ஒட்டிப் போய் ஆற்றில் விழுகிறது. அந்த ஓடை ஓடினால்தான் என் கிணறு ஊறும். தோப்பில் குளிக்கும்போது தங்கச்சி வீட்டுத் தண்ணி என்று சொல்லித்தான் தலையில் ஊற்றிக்கொள்வேன். உறவும் முருகன் கொடுத்தது, ஓடையும் முருகன் கொடுத்தது என்று இருந்தேன்.

சில வருசத்துக்கு முன்னால் போடியில் ஒரு கூட்டம் போட்டார்கள். மலையில் இருக்கிறவர்கள், கீழே இருக்கிறவர்கள் எல்லாரையும் கூப்பிட்டிருந்தார்கள். காட்டை ஒருத்தர், வயலை ஒருத்தர், தண்ணீரை ஒருத்தர் என்று தனித்தனியாகப் பார்த்தால் ஆறு பிழைக்காது, உச்சியிலிருந்து ஆறு போய்ச் சேருகிற இடம் வரைக்கும் ஒரே திட்டமாகப் போடப்போகிறோம் என்றார் அதிகாரி. பொறுமையாகத்தான் பேசினார். மலைச்சரிவை அவர் நீர்ப்பிடிப்புப் பகுதி என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மழையை மண்ணுக்குள் வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடுகிற இடம் என்று அதற்கு அர்த்தமாம். எனக்கே அது பிறகுதான் விளங்கியது. பக்கத்தில் இருந்த தங்கச்சி வீட்டுக்காரருக்கு அன்றைக்கு வேறு மாதிரி விளங்கிவிட்டது.

"கேட்டீங்களா மச்சான்? நம்ம தோட்டம் நீர்ப்பிடிப்பாம். தண்ணியப் பிடிச்சு வைக்கணும்னு சர்க்காரே சொல்லுது!"

"பிடிச்சு வைங்க மாப்ளே. கீழயும் கொஞ்சம் விடுங்க," என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

அவர் சும்மா சொல்லவில்லை. அடுத்த மழைக்குள் படுதாக் குளம் வெட்டிவிட்டார். குழி தோண்டி, தடித்த பிளாஸ்டிக் விரிப்பை உள்ளே போட்டுத் தண்ணீரை நிறுத்துவதை மலையில் அப்படிச் சொல்வார்கள். மற்றவர்கள் மேட்டில் வெட்டி மழைத்தண்ணியைச் சேர்ப்பார்கள். இவர் ஓடையை மறித்தே வெட்டினார். கெட்ட எண்ணம் கிடையாது. பூசைக்கு என்னைத்தான் கூப்பிட்டார். என் தோப்புத் தேங்காயை உடைத்து நானே சூடம் காட்டினேன். தங்கச்சி அந்தத் தண்ணியை இரண்டு கையாலும் அள்ளிப் பார்த்து, "இனிமே கோடைக்குப் பயமில்லண்ணே," என்றாள்.

அந்தக் கோடையில் என் கிணறு அடிமண் தெரிய வற்றியது. குரும்பை உதிர்ந்தது, மட்டைகள் மரத்தோடு ஒட்டித் தொங்கின. லோடு லோடாகத் தண்ணி வாங்கி ஊற்றினோம், வேருக்குப் போதவில்லை. நான் கோயிலுக்கு நடந்துகொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரி சொன்னாள்: "சாமிகிட்ட மழை கேக்குறீங்க. நம்ம தண்ணி உங்க தங்கச்சி வீட்டுப் படுதாவுல கிடக்கு. அதக் கேக்க மட்டும் வாய் வரல."

கேட்கத்தான் மலையேறினேன். தங்கச்சி என்னைத் தோட்டத்துக்குள் கூட்டிப்போனாள். குளத்துத் தண்ணி பாய்கிற செடிகளே இலை சுருண்டு நின்றன.

"பாத்துக்கண்ணே. தொறந்து விட்டா இதுவும் நிக்காது. நீ சொல்லு, இப்பவே தொறக்குறேன்."

திறக்கச் சொல்லாமலே இறங்கி வந்துவிட்டேன். தோப்பில் மரங்கள் காயக் காய வெட்டி விறகுக்குப் போட்டோம்.

பிறகு அந்தத் திட்டத்துக்காரர்கள் அடிவாரத்துக்கே வந்து, மலையில் இருக்கிறவர்களையும் கீழே வரச் சொன்னார்கள். கோயில் முன்னால் தரையைக் கூட்டி, கோலப்பொடியைக் கொடுத்து, மலையையும் ஆற்றையும் நீங்களே வரையுங்கள் என்றார்கள். தங்கச்சிக்குக் கோலம் நன்றாக வரும். கூட்டத்தில் அவளைத்தான் முன்னால் தள்ளினார்கள். மலையை வளைத்துப் போட்டாள். பச்சைப் பொடியில் ஏலம் வைத்தாள். நீலத்தில் குளத்தை வட்டமாக, ஆசையாக நிரப்பினாள். அதோடு கை நின்றுவிட்டது.

"குளத்துக்குக் கீழ ஓடை எங்கம்மா?" என்று அதிகாரி கேட்டார்.

பின்னாலிருந்து எங்கள் ஊர்க்காரர் ஒருவர், "அண்ணன் தோப்பு வரைக்கும் இழுத்து விடு ஆத்தா! பொடி தீந்துபோச்சா, தண்ணி தீந்துபோச்சா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவள் வீட்டுக்காரர் தலையைத் தூக்கவில்லை. தங்கச்சி நீலப்பொடியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

அதிகாரியும் என்னைப் பார்த்தார். "உங்க தோப்புல ஓடை ஓடுதுங்களா?"

சாமி வாசல். பொய் வரவில்லை. "ஓடலைங்க," என்றேன்.

ஓடையை மறித்த குளத்தை எடுத்துவிடுவது, அதற்குப் பதிலாக மேட்டில் ஒரு மழைக்குளம் வெட்டிக் கொடுப்பது என்று முடிவானது. இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டது. எடுக்கிற சோலி வெரசாக முடிந்தது. வெட்டிக் கொடுப்பது திட்டத்தின் அடுத்த கட்டமாம். அடுத்த கட்டம் வருவதற்குள் மறுபடி கோடை வந்துவிட்டது.

திட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். மலையும் ஆறும் ஒரே உடம்பு என்று அவர்கள் சொன்னது சத்தியம். என் கிணறு ஊறியது. மிஞ்சின மரங்களில் பாளை வந்தது. முதல் இளநீர்க் குலையைத் தங்கச்சிக்கு என்று வெட்டி எடுத்துக்கொண்டு மலையேறினேன்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் உள்ளேயிருந்தே "வாண்ணே" என்று கத்துகிறவள் அவள். அன்றைக்கு வெளியே வந்து நின்று, "வாங்க. உக்காருங்க," என்றாள். தோட்டம் முழுக்கக் கருகிப்போன ஏலத்தூர்களைப் பிடுங்கிக் குவித்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் ஜீப்பில் அடுத்தவர் தோட்டத்துக்குக் கூலிக்குப் போயிருந்தார்.

சொம்பில் தண்ணி கொடுத்தாள். குடித்து முடிக்கிற வரை காத்திருந்து, "கீழ தண்ணி வருதா?" என்று கேட்டாள்.

"வருதும்மா."

"நல்லாருங்க," என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். சொம்பை வாங்கிக் கவிழ்த்துவிட்டு, கடப்பாரையை எடுத்துக்கொண்டு அடுத்த தூரைப் பிடுங்கப் போனாள்.

இளநீர்க் குலையை எங்கே இறக்கி வைப்பதென்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.