மூன்றரை விரல்

சிங்கப்பூர் தேக்காவில் மசாலா அரைக்கும் கடையில் எனக்கு மிளகாய்க் காம்பு கிள்ளும் வேலை. கையுறை போட்டால் காம்பு பிடிபடாது; வெறுங்கையால்தான் கிள்ளுவேன். அந்த மாதம் வந்த மிளகாயில் காரம் அதிகம். வலது கை எரிந்து, சிவந்து, வீங்கியது. ஆனால் சுண்டுவிரலும், மோதிர விரலில் அதை ஒட்டிய பாதியும் அப்படியே இருந்தன. மோதிர விரலின் நடுவில் கோடு போட்டதுபோல் சிவப்பு நின்றது.

பாக்கெட் போடும் வேலைக்கு மாற்றுங்கள் என்று முதலாளியிடம் கேட்க எனக்கு இரண்டு நாள் ஆனது. அவர் பாக்கெட் போட்டுக்கொண்டிருந்த என் நண்பனைக் கூப்பிட்டார். ஜூரோங் தொழிற்சாலைக் காலத்திலிருந்து என்னோடு இருப்பவன். நான் மாறினால் காம்பு கிள்ள அவன்தான் உட்கார வேண்டும்.

"இவனுக்கு நிஜமாவே முடியலையா?"

அவன் என் கையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினான். "மிளகாய்னா அஞ்சு விரலும் வீங்கணும்லா, பாஸ். இங்க மூணரைதான் வீங்கியிருக்கு. எதையோ பூசிக்கிட்டு வந்திருக்கான்."

கடையே சிரித்தது. "மூணரை, டீ குடிக்க வர்றியா?" என்றார் ஒருவர். டாக்டர் கடிதம் இல்லாமல் வர வேண்டாம் என்றார் முதலாளி.

புக்கிட் பாத்தோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் கிளினிக்கில் டாக்டர் ஒரு தமிழ்ப் பெண். பஞ்சால் விரல் விரலாகத் தொட்டார். வீங்காத இடத்தில் தொட்டதே தெரியவில்லை. மணிக்கட்டுத் தழும்பைப் பார்த்து, "இது எப்படி, அங்கிள்?" என்றார். தொழிற்சாலையில் தகடு வெட்டியது என்றேன்.

"சுண்டுவிரல் பக்கத்து நரம்பு அப்பவே அறுந்திருக்கு. எரியுதுன்னு மூளைக்குச் சொல்றது மட்டும் நரம்போட வேலை இல்லை. காரம் பட்டதும் அதுவே அந்த இடத்துல ஒரு ரசாயனத்தை விடும். ரத்தக்குழாய் விரிஞ்சு சிவக்கும், நீர் கசிஞ்சு வீங்கும். நரம்பு செத்த இடத்துல அதைச் செய்ய ஆள் இல்லை. பாதி விரல் வீங்காம நிக்கிறதே நீங்க பொய் சொல்லலைங்கிறதுக்குச் சாட்சி. இந்தப் பழைய காயம் கடையில யாருக்கும் தெரியாதா?"

தகடு வெட்டிய அன்று தன் சட்டையைக் கிழித்து இந்த மணிக்கட்டைக் கட்டி, லாரியில் என்னை மடியில் போட்டுக்கொண்டு போனவன் அந்த நண்பன்தான். விரல் மரத்துப்போனதை முதலில் அவனிடம்தான் சொன்னேன்.

"யாருக்கும் தெரியாது" என்றேன்.

கடிதத்தைப் படித்த முதலாளி எங்கள் இடங்களை மாற்றினார். "விளையாட்டுக்குச் சொன்னேன்லா" என்றான் அவன். மூன்றாம் நாள் அவனுக்கு ஐந்து விரலும் வீங்கிவிட்டன. "என்ன போட்டா அடங்கும்டா?" டாக்டர் எனக்குச் சொன்ன சமையல் எண்ணெயை அவன் பக்கம் நகர்த்தினேன். மூடியைத் திறக்க முடியாமல் நீட்டினான். திறந்து கொடுத்தேன்.

இருவரும் ஒரே ரயிலில்தான் வீடு திரும்புவோம். அன்றிலிருந்து நான் அடுத்த பெட்டியில் ஏறுகிறேன்.