மழையில்லாமல் வந்த தண்ணீர்

தை பிறந்து ஏரி வற்றத் தொடங்கினால், கரையோரச் சேற்றில் வெள்ளரி விதைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். தண்ணீர் பின்வாங்க வாங்க, நாங்களும் விதையை மடியில் கட்டிக்கொண்டு ஏரிக்குள் இறங்கிக்கொண்டே போவோம். மோட்டார் வேண்டாம், வாய்க்கால் வேண்டாம். சேற்றின் ஈரமே அறுவடை வரைக்கும் தாங்கும். மலைமேல் மேகம் கூடாதவரை தண்ணீர் திரும்பி வராது என்பதுதான் எங்களுக்கிருந்த ஒரே தைரியம்.

மேலே ஓடையில் அணை கட்டிய பிறகு அந்தத் தைரியம் செல்லாமல் போயிற்று. மதகைத் திறந்தால் தண்ணீர் வரும், மூடினால் வராது. மேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒவ்வொருவராக ஏரிக்குள் இறங்குவதை நிறுத்தினார்கள். சிலர் கரைக்கு வெளியே போர் போட்டுக்கொண்டார்கள். எனக்கு அடுத்த பாத்தியில் விதைத்தவள் கிரிவலப் பாதையில் டீக்கடை வைத்துவிட்டாள். பதினைந்து வருஷம் அவளும் நானும் ஒரே தூக்கிலிருந்து கூழ் குடித்திருக்கிறோம்.

நான் மட்டும் நிறுத்தவில்லை. வீம்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் சென்னையில். வீட்டில் பேச ஆளில்லை. ஏரிக்குள்ளும் ஆளில்லைதான், ஆனால் அங்கே கைக்கு வேலை இருந்தது.

இந்த மாசியில் கொடி நன்றாகப் படர்ந்து, விரல் நீளத்துக்குப் பிஞ்சு விட்டிருந்தது. வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. பழைய பழக்கத்தில் அதையே நம்பி, நிம்மதியாக வீட்டுக்கு வந்து படுத்தேன். காலையில் போனால் என் பாத்தி இருந்த இடத்தில் இடுப்பளவு தண்ணீர். சுள்ளென்று வெயில் அடிக்கிறது, நான் கிறுக்கிமாதிரி மலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

ஈரப் புடவையோடு நேரே டீக்கடைக்குப் போனேன். ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று அவளிடம் கேட்டேன்.

"மதகு தொறக்கறாங்கன்னு முந்தாநாளே குரூப்ல போட்டாங்களேக்கா."

செல்போனை எடுத்துக் காட்டினாள். ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் அறிவிப்பு இருந்தது. அதற்குக் கீழே யாரோ ஏரி நிரம்பியதைப் படமெடுத்துப் போட்டிருந்தார்கள். படத்துக்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். அவளும் ஒரு கும்பிடு போட்டிருந்தாள்.

"நான் அந்த குரூப்ல இல்லியே. நீயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். முகத்தில் நிஜமான ஆச்சரியம்.

"நீங்க இன்னும் அங்கதான் போடுறீங்களாக்கா?"

நான் சண்டை போடத்தான் போயிருந்தேன். அவள் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டிருந்தால், வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்துவிட்டு மனசு ஆறி வந்திருப்பேன். நான் அங்கே இருப்பதே தெரியாதவளை என்னவென்று திட்டுவது?

"போட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.