பெண் துணை இருந்தால் அழைத்து வாருங்கள்

எங்கள் டாக்டரம்மா ஏதோ ஒரு டிரெய்னிங்குக்குப் போய்விட்டு வந்தார். மறுநாளே, "சிஸ்டர், இனிமே வர்ற லேடீஸ் எல்லார்கிட்டயும் குடிப்பழக்கம் இருக்கான்னு கேக்கணும்" என்றார். 2013 வாக்கில், நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில் அந்தச் சின்ன கிளினிக்குக்கு நான் ஒருத்திதான் ஸ்டாஃப் நர்ஸ். அதுவரை பெண்களிடம் நாங்கள் கேட்டதெல்லாம், "வீட்டுக்காரர் குடிப்பாரா?" என்பது மட்டும்தான்.

முதல் நாள் கேட்ட முதல் அம்மா என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார். "என்னப் பாத்தா அப்படியா தெரியுது?" என்றார். கூட வந்த மாமியார், "நாங்க மானமா பொழைக்கிறவங்க" என்று எழுந்தே விட்டார். சளிக்கு மருந்து வாங்க வந்தவர்கள் வாங்காமலே போனார்கள். உங்கள் டிரெய்னிங்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் துறுதுறுத்தது.

போகப் போகப் பிடிபட்டது. கூட வந்தவர்களை வெளியே உட்கார வைத்துவிட்டு, பி.பி. பார்க்கும்போது பேச்சோடு பேச்சாக, "உடம்பு வலிக்கு ராத்திரி என்னம்மா எடுத்துக்கறீங்க?" என்று கேட்பேன். பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு தேறட்டும் என்று பிராந்தி ஊற்றித் தருகிற வீடுகள் உண்டு. அங்கே ஆரம்பித்து, கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிற சில பெண்களுக்கு அது தினப்படி ஆகியிருந்தது. அதைக் குடி என்று அவர்கள் நினைக்கவே இல்லை. அதனால் இப்படிக் கேட்டால் பதில் வந்தது.

அஞ்சலை

அஞ்சலை சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பக்கம் கரித்தூள் வாருகிற கான்ட்ராக்ட் வேலையில் இருந்தாள். வயிற்றெரிச்சல் என்று வந்தாள். பி.பி. பட்டையைக் கட்டும்போதே அவள் கை நடுங்கியது. கேட்டேன்.

"வூட்டுக்காரரு வாங்கியாருவாரு சிஸ்டர். அவருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. ஊத்திகினாதான் இடுப்பு நிமிருது. இப்பல்லாம் காலைல கொஞ்சம் போட்டாதான் தொடப்பமே கைல நிக்குது."

சொல்லிவிட்டு அழுதாள். "பொண்ணு பெரியவளாயிட்டா. நான் குடிக்கிறத பாத்துகினே இருக்கா. எங்கனா சேத்து வுடுங்க சிஸ்டர்" என்றாள்.

திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும், படுக்க வைத்துத்தான் நிறுத்த வேண்டும் என்றார் டாக்டரம்மா. எங்களிடம் படுக்கை கிடையாது. நான் போனும் கையுமாக உட்கார்ந்தேன். விசாரித்த இடமெல்லாம், "ஜென்ட்ஸுக்கு மட்டும்தான் மேடம்." ஓரிடத்தில் போனை எடுத்தவன் சிரித்தே விட்டான். கடைசியில் ஒரு மையத்தில் தனி அறை ஒதுக்கித் தருவதாகச் சொன்னார்கள். ஆனால் கூடவே தங்க ஒரு பெண் துணை வேண்டும் என்றார்கள்.

துணைக்கு இருப்பது என்றால் என்னவென்று அஞ்சலைக்குத் தெரியும். அதற்கு முன்பு அவள் புருஷனைக் குடியை நிறுத்த ஓரிடத்தில் சேர்த்தபோது, கூட இருந்து வாந்தி அள்ளியவள் அவள்தான். அவர் வெளியே வந்த வாரமே மறுபடி கடைக்குப் போய்விட்டார்.

அவளுக்கு அம்மா இல்லை. இருந்தது ஒரே நாத்தனார். அவளைக் கூப்பிட வேண்டும் என்றால் எதற்கென்று சொல்ல வேண்டும். சொன்னாள். நாத்தனாரும், "வரேன் அண்ணி" என்றாளாம்.

சேர வேண்டிய நாளில் அஞ்சலை ஒரு துணிப்பையோடு வந்து கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்தாள். நாத்தனார் வரவில்லை. காலை ஓபி முடிந்து, கதவைச் சாத்துகிற நேரத்தில் புருஷன்தான் வந்தார். அப்போதே வாடை அடித்தது.

"கெளம்பு வூட்டுக்கு. தங்கச்சி தெரு பூரா சொல்லிட்டா. ஆத்தாக்காரி குடிக்கிறான்னா பொண்ண எவன் கட்டுவான்?"

"வாங்கிக் குடுத்ததே நீங்கதானே?" என்றேன்.

"வூட்டுக்குள்ள குடிச்சிகினு இருந்தா. யாருக்குத் தெரிஞ்சுது? நீங்க கேக்கப் போயிதான் இவ்ளோவும்."

அஞ்சலை பையை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சங்கதி கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் காதுக்கும் போய், அவன் அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டான். அதன் பிறகு அவள் பகலிலும் குடித்தாள் என்று சொன்னார்கள். அந்த மழைக்காலத்தில் ரத்த வாந்தி எடுத்து இறந்துபோனாள். காமாலை என்று சொல்லி எடுத்துவிட்டார்கள். அவள் இருந்தபோதே மையத்துக்கு நான் மறுபடி போன் செய்து, துணைக்கு நானே வந்தால் ஒத்துக்கொள்வீர்களா என்று கேட்டிருந்தேன். குடும்பத்து ஆளாக இருக்க வேண்டும் என்றார்கள்.

இப்போது வேலைக்கு வருகிற நர்ஸ் பெண்கள், இதை எப்படிக் கேட்பது என்று என்னிடம் கேட்கிறார்கள். கேட்பது பெரிய காரியமில்லை, கண்ணுகளா. ஆமாம் என்று ஒருத்தி சொல்லிவிட்டால் அவளை எங்கே படுக்க வைப்பீர்கள், அவள் பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்று முதலில் பாருங்கள். நான் ரிட்டயர் ஆகும்வரை பார்த்தேன், கிடைக்கவில்லை.

அஞ்சலை போன பிறகு, அவளோடு வேலை செய்த ஒருத்தி அதே வயிற்றெரிச்சலோடு வந்தாள். கூட யாரும் இல்லை. வழக்கம்போல, ராத்திரி என்னம்மா எடுத்துக்கறீங்க என்று கேட்டேன்.

நடுங்குகிற கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "அஞ்சலயுந்தான் உங்களாண்ட சொன்னா சிஸ்டர், என்னாச்சி?" என்றாள்.