செருப்பைச் சோடி சேர்த்தவர்

பிள்ளைகளா, ஈப்போவில் இந்த வீட்டை வாங்கிய புதிதில் நானும் உங்கம்மாவும் கிரெடிட் கார்டிலேயே சோபா, ஐஸ்பெட்டி எல்லாம் வாங்கிக் கடனில் மாட்டிக்கொண்டோம். பணம் கேட்டு பேங்க் ஆள் ஒருவர் மாதாமாதம் வருவார். நெட்டையான மனிதர், தடித்த கண்ணாடி. கதவைத் தட்டுமுன் குனிந்து, வாசலில் சிதறிக் கிடக்கும் எங்கள் செருப்புகளைச் சோடி சேர்த்து வைப்பார்.

ஒரு மாதம் கையில் காசில்லை. சோபாவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாரோ என்ற பயத்தில் அதன் பின்னாலேயே ஒளிந்துகொண்டோம்.

கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு அவர் வெளியிலிருந்து கேட்டார்: "அண்ணே, ரெண்டு பேர் செருப்பும் இங்கதான் இருக்கு. வெறுங்காலோடவா போனீங்க?"

"அது பழைய செருப்பு லா!" என்று உங்கம்மா உள்ளேயிருந்து கத்திவிட்டாள்.

வெளியே சிரிப்புச் சத்தம். "சரிக்கா, அண்ணன் வீட்டுக்கு வந்ததும் சொல்லுங்க. அடுத்த மாசம் சேத்துக் கட்டலாம்."

இருவரும் ஓவர்டைம் செய்து கட்டி முடித்தோம். கடைசிப் பணத்தை வாங்கிக்கொண்டு அவர் போனார். அடுத்த மாதம் வாசலில் செருப்புகள் சிதறியே கிடந்தன; நானே குனிந்து அவற்றைச் சோடி சேர்த்தேன்.